மூன்று தரம் கேட்டேன்

ஜூலை 9, புதன்

வளர்மதி மேடம் இன்று புது வேலை ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார். இந்த செமஸ்டரில் எம்.காம் முதலாண்டுக்காரர்கள் எல்லாருக்கும் ‘செயற்கை நுண்ணறிவு எழுத்தறிவு’ என்று ஒரு பாடம் கட்டாயமாம். எனக்கு எழுத்தறிவு இல்லை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. இதற்குப் பரீட்சை கிடையாது, நாட்குறிப்புதான். ஏஐயிடம் என்ன கேட்டோம், அது என்ன சொன்னது, நம்பினோமா, ஏன் நம்பினோம் என்று நவம்பர் வரை எழுதி ஒப்படைக்க வேண்டும். அதுவும் கையால்.

“டைப் பண்ணிக் கொண்டுவந்தா, அதையும் அதுதான் எழுதியிருக்கும். எனக்கு உங்க கையெழுத்து வேணும்” என்றார் மேடம்.

பேச்சியம்மாள் என் காதுக்குள், “என் கையெழுத்த வாசிக்க மேடமே அதுட்டதான் போகணும்” என்றாள். நானும் அவளும் தூத்துக்குடியிலிருந்து ஒரே பஸ்ஸில் பல்கலைக்கழகம் போய் வருகிறோம். அவள் கையெழுத்தைப் பார்த்தவர்கள் மறுத்துப் பேச மாட்டார்கள்.

ஜூலை 12, சனி

கேட்டது: கணவாய்க் குழம்பு வைப்பது எப்படி.

சொன்னது: கடைசியில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போடச் சொன்னது.

நம்பினேனா: இல்லை. காரணம், அம்மா பக்கத்திலேயே அரிவாள்மனையோடு உட்கார்ந்திருந்தாள். “சீனியா? அதுக்கு நாக்கு இருக்காடி?” என்றாள்.

ஜூலை 15, செவ்வாய்

அப்பாவின் குரல் கட்டிப்போய் ரொம்ப நாளாகிறது. ஈஸ்டருக்கு முன்பே ஆரம்பித்தது. அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடுபவர். சீலாவோ பாறையோ விளமீனோ, குவித்துப் போட்டதும் அதன் முன்னால் நின்று விலை ஏற்றுவார். “ஒரு தரம், ரெண்டு தரம்” என்று அவர் இழுக்கும்போது வெளியே ஐஸ் லாரிக்காரர்களுக்கும் கேட்கும். சந்தியாகு ஏலம் என்றால் ஒரு மரியாதை உண்டு. கத்திக் கத்திக் கட்டிய தொண்டை, மீன்பிடித் தடைக்காலத்தில் சரியாகிவிடும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். தடைக்காலம் முடிந்து படகெல்லாம் கடலுக்குப் போய்விட்டது. குரல் இன்னும் திரும்பவில்லை.

நாளை மறுநாள் டாக்டரிடம் போக வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நிற்கிறாள். இதில் ஏஐ இல்லை, இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 17, வியாழன்

டவுனில் காது மூக்கு தொண்டை டாக்டர். மூக்கு வழியாக கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்த்தார். வெளியே பெரிய கூட்டம். எங்களிடம் பேசியது கொஞ்ச நேரம்தான். குரல்வளையில் ஒரு வளர்ச்சி இருக்கிறது, பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். சீட்டு முழுக்க ஆங்கிலம். அம்மா அதை வெளியே வந்ததும் என் கையில் திணித்தாள்.

“நீ படிச்சவ. பாத்துச் சொல்லு, என்ன போட்டுருக்கு?”

நான் படித்தது வணிகவியல். அதைச் சொல்லாமல் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சீட்டில் இருந்ததை அப்படியே போனில் போட்டேன். வயது ஐம்பத்தாறு, சின்ன வயதிலிருந்தே பீடி, குரல் கட்டி மாதக்கணக்காகிறது. எல்லாம் போட்டேன். அது நீளமாக எழுதியது. புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்வது மிக அவசியம், தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே பரிசோதனைக்குப் போங்கள் என்று எழுதியது.

அப்பா எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன மக்ளே சொல்லுது?”

“நெறய சொல்லுதுப்பா. வாசிச்சிட்டு இருக்கேன்.”

“மொதல்ல சொல்லுறத எடுத்துக்கிடாத” என்றார் அந்தக் கரகரப்பில். “மொத விலைக்கு மீன விட்டா போட்டுக்காரன் என்னைய அடிக்க வருவான். இன்னொரு தரம் கேளு. மூணு தரம் கேக்காம எது படியும்?”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பில் சத்தமே இல்லை.

இன்னொரு தரம் கேட்டேன். அவசரத்தில் வயதைப் போட மறந்துவிட்டேன். பதில் கொஞ்சம் இறங்கி வந்தது. மூன்றாம் தரம், ஏலம் விட்டுக் கத்திக் கத்தி ஒருவருக்குக் குரல் கட்டிவிட்டது, இது சாதாரணமாக வருவதுதானே என்று கேட்டேன். பீடியைச் சொல்வதும் விட்டுப்போயிற்று. அது உடனே, குரலை அதிகம் பயன்படுத்துகிறவர்களுக்குத் தொண்டையில் சிறு முடிச்சுகள் வருவது சகஜம், குரலுக்கு ஓய்வு கொடுங்கள், வெதுவெதுப்பான தண்ணீர் குடியுங்கள் என்று அழகாகச் சொன்னது. அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கடைசியில் ஒரு வரி இருந்தது. பதில் நீளமாக இருந்ததால் அதுவரை போகவில்லை.

“அப்ப பயப்பட ஒண்ணுமில்லையே?” என்றாள் அம்மா.

“நல்லாத்தான் சொல்லுது” என்றேன்.

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். டாக்டர் சீட்டை மாதா படத்துக்குக் கீழே வைத்துவிட்டு உலை வைக்கப் போனாள்.

நம்பினேனா: ஆமாம்.

ஜூலை 18, வெள்ளி

இன்று எதுவும் கேட்கவில்லை. பஸ்ஸில் கூட்டம்.

ஜூலை 22, செவ்வாய்

வகுப்பில் மேடம் போர்டில் ஸ்கிரீனைப் போட்டு இரண்டு கேள்வி கேட்டுக் காட்டினார். ‘காபி உடம்புக்கு நல்லதுதானே?’ என்று கேட்டால் நல்லதையெல்லாம் சொல்கிறது. ‘காபி உடம்பைக் கெடுக்கும்தானே?’ என்றால் கெட்டதையெல்லாம் சொல்கிறது. வகுப்பே சிரித்தது.

“நீங்க எந்தப் பக்கம் சாயுறீங்களோ, அதுவும் அந்தப் பக்கம் சாயும். எதைச் சொல்லாம விடுறீங்களோ, அது அதுக்குத் தெரியவே தெரியாது. அதனால ஒரே கேள்வியை மூணு விதமாக் கேளுங்க. எங்கெங்க மாறுதுன்னு பாருங்க. உங்களுக்குப் பிடிச்ச பதில் வந்ததும் நிறுத்துனா நீங்க கத்துக்கலன்னு அர்த்தம்.”

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். எனக்குத் தலைவலி. பேச்சியம்மாள் தைலம் கொடுத்தாள்.

ஜூலை 26, சனி

பனிமய மாதா கோயில் கொடியேற்றம். கூட்டத்தில் எல்லாரும் “மரியே வாழ்க” என்று கத்தினார்கள். அப்பா வாயை மட்டும் அசைத்தார். பக்கத்துத் தெரு மாமா ஒருவர், “சந்தியாகு, தொண்டைக்கு என்னடே? டாக்டர்ட்ட காட்டுனியா?” என்று கேட்டார்.

“எம் மவ பாத்துட்டா” என்றார் அப்பா. பெருமையாகத்தான் சொன்னார்.

நான் அந்தப் பக்கம் திரும்பிப் பஞ்சுமிட்டாய் வாங்கப் போய்விட்டேன். எனக்குப் பஞ்சுமிட்டாய் பிடிக்காது.

ஆகஸ்ட் 7, வியாழன்

திருவிழா முடிந்துவிட்டது. அம்மா சீட்டை மறுபடியும் எடுத்துக்கொண்டு வந்தாள். “எதுக்கும் இன்னொரு தரம் கேட்டுப் பாரேன்டி.”

கேட்டேன். இப்போது எனக்கு நன்றாகக் கேட்கத் தெரியும். எந்த வார்த்தை போட்டால் எந்தப் பதில் வரும் என்று அத்துபடி. அதே முடிச்சு, அதே வெதுவெதுப்பான தண்ணீர்.

“அதேதாம்மா” என்றேன்.

அப்பா இப்போது ஏலத்துக்கு ஒரு விசிலும் விரல்களும் வைத்துக்கொண்டிருக்கிறார். விசில் அடித்து விரலால் விலை காட்டுகிறார். துறைமுகத்தில் எல்லாரும் ரசிக்கிறார்களாம். டிராபிக் போலீஸ் என்று பட்டப்பெயரும் வைத்தாகிவிட்டது.

ஆகஸ்ட் 20, புதன்

இன்று செமினார். ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டு எல்லார் முன்னாலும் காட்ட வேண்டும். நான் நேற்றே ஒரு கேள்வி யோசித்து வைத்திருந்தேன். பாங்கு வட்டி பற்றியது. மேடையில் ஏறி நின்றதும் அது மறந்துவிட்டது. வாயில் தொண்டைக் கேள்வி வந்துவிட்டது. ஒருவருக்குக் குரல் கட்டியிருக்கிறது என்று ஆரம்பித்து மூன்று தரமும் கேட்டேன். மூன்று பதிலும் ஸ்கிரீனில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

மேடம் வகுப்பைப் பார்த்து, “இதுல எதை நம்புவீங்க?” என்றார்.

பேச்சியம்மாள்தான் முதலில் எழுந்தாள். “மொதப் பதில்தான் மேடம். அதுக்குத்தான் எல்லா விவரமும் குடுத்துருக்கு. மூணாவதுல பீடிய மறைச்சிட்டு, வயசயும் மறைச்சிட்டு, ‘சாதாரணந்தானே’ன்னு கேட்டா அது பாவம் என்ன செய்யும்?”

“டெல்பின், நீ என்ன சொல்ற?”

“அதேதான் மேடம்” என்றேன்.

எல்லாரும் கைதட்டினார்கள். இவ்வளவு தெளிவாக இதுவரை யாரும் காட்டியதில்லை, எங்கே பழகினாய் என்று மேடம் கேட்டார். சும்மா பழகினதுதான் என்றேன். உள்மதிப்பெண்ணில் எனக்குத்தான் முதலிடமாம்.

கேன்டீனில் பேச்சியம்மாள் பப்ஸ் வாங்கிக் கொடுத்தாள். பாதி சாப்பிட்டுக்கொண்டே, “அது யாருட்டி, அந்தப் பீடி குடிக்கிற ஐம்பத்தாறு வயசுக்காரரு?” என்றாள்.

“சும்மா ஒரு உதாரணம்.”

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. என் பப்ஸை அவளிடமே தள்ளிவிட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

அப்பா துறைமுகத்திலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

“அப்பா, அந்தச் சீட்டக் கொண்டுபோய்ப் பெரியாஸ்பத்திரில காட்டிட்டு வந்துருவமா?”

“ஏன், நல்லாத்தானே சொல்லுச்சு? இப்ப மாத்திச் சொல்லுதா?”

“மாத்தில்லாம் சொல்லல. எதுக்கும் காட்டிருவோம்.”

“அங்க போனா ஒரு நாள்ல விடமாட்டான். இப்ப நல்ல மீன்பாடு. புரட்டாசி வரட்டும். அப்ப பாதி ஊரு மீன் திங்காது, ஏலமும் படுத்துரும். நிம்மதியாப் போயிட்டு வருவோம்.”

மாத்திச் சொல்லவில்லை என்று சொன்னேனே, அங்கேதான் பிடித்துக்கொண்டார். அம்மாவும், “நீ பாத்துதானே சொன்ன, ஏங்கெடந்து அவசரப்படுத?” என்று என்னிடமே என் பேச்சை எடுத்து வைத்தாள். நான் சொன்னதை நானே மாற்றினால் இந்த வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள் போலிருக்கிறது. எப்படி மாற்றுவது என்று ஏஐயிடம் கேட்டேன். குடும்பத்தினரிடம் மனம் திறந்து பேசுங்கள் என்று ஐந்து யோசனை சொன்னது. ஐந்தும் சரியான யோசனைதான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 3, புதன்

அப்பா ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் தண்ணீர் குடிக்கிறார்.

செப்டம்பர் 8, திங்கள்

துணி துவைத்தேன். அப்பா இரண்டு சட்டையிலும் காலர்ப் பொத்தானைப் பிய்த்துவிட்டிருக்கிறார், போட முடியவில்லையாம். கழுத்தில் ஒரு பக்கம் தடித்திருக்கிறது. தொட்டுப் பார்த்தால் கொட்டைப்பாக்கு மாதிரி கெட்டியாக இருக்கிறது என்று அம்மா சொன்னாள். நான் தொட்டுப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

புரட்டாசி பிறந்துவிட்டது. பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். ஜூலை மாதச் சீட்டைப் பார்த்துவிட்டு ஓபி டாக்டரம்மா தேதியை இரண்டு தரம் பார்த்தார். கழுத்தைத் தடவினார். உடனே உள்ளே அனுப்பினார்கள். ஸ்கேன் எடுத்து, சதையும் எடுத்திருக்கிறார்கள்.

அப்பா வெளியே வந்து ஒரு டீ குடித்தார். பீடிக்குக் கை போனது. என்னைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார்.

அக்டோபர் 8, புதன்

டாக்டரம்மா எங்கள் மூவரையும் உட்காரவைத்துத்தான் சொன்னார். நல்ல மாதிரி. தமிழிலேயே சொன்னார். புற்றுநோய்தான். குரல்வளையை எடுக்க வேண்டும், அதன் பிறகு கதிர்வீச்சு, அதாவது கரண்டும் வைக்க வேண்டும். கழுத்தில் ஓட்டை போட்டு அது வழியாக மூச்சு விடுவார். உயிருக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. பேச்சு முன்னைப்போல வராது.

அப்பா கழுத்தைத் தடவிக்கொண்டார். அம்மாதான், “கரண்டு மட்டும் வச்சாப் போதாதாம்மா?” என்றாள்.

“இந்தச் சீட்டு எழுதுனப்பவே வந்திருந்தா போதுமா இருந்திருக்கலாம். குரலைக் காப்பாத்தியிருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது. ஏன் வரல?”

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. சீலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு, “மீன் சீசன் நேரம், டாக்டர்” என்றாள்.

இருந்திருக்கலாம், காப்பாற்றியிருக்கலாம் என்றுதான் டாக்டரம்மாவும் சொல்கிறார். உறுதியாக யாராவது ஒரு பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

அக்டோபர் 14, செவ்வாய்

பேச்சியம்மாளிடம் பஸ்ஸில் சொன்னேன். முழுதும் சொன்னேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“செமினார் அன்னைக்கே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சுட்டி. கேட்டிருக்கணும்” என்றாள். அப்புறம், “எங்க மாமாவுக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப நானும் அப்படித்தான் கேட்டேன். அது ஒண்ணுமில்லாமப் போச்சு. அதனால எனக்கு ஒண்ணும் ஆகல” என்றாள்.

எங்கள் வகுப்பில் எத்தனை பேர் வீட்டில் எத்தனை சீட்டு இப்படிக் கிடக்கிறதோ தெரியவில்லை. எல்லார் வீட்டிலும் ஒரு ‘நீ படிச்சவ’ இருக்கிறாள்.

முன்னே ஜூலை 17 அன்று, வயதைப் போட மறந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறேன். மறக்கவில்லை. பீடியும் தானாக விட்டுப்போகவில்லை. கடைசி வரியையும் வாசித்தேன். சில வாரங்களில் சரியாகாவிட்டால் கட்டாயம் டாக்டரைப் பாருங்கள் என்று இருந்தது. எனக்கு அப்பா சாகக்கூடாது என்று இருந்தது. அதனால் சாகமாட்டார் என்று சொல்லும்வரை கேட்டேன். மேடம், மதிப்பெண்ணை நீங்கள் என்ன செய்தாலும் சரி.

நவம்பர் 2, ஞாயிறு

வார்டில் சேர்த்தாயிற்று. ஆபரேஷன் வியாழக்கிழமை. கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற அம்மா மட்டும் போய்விட்டு வந்தாள்.

துறைமுகத்திலிருந்து இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். ஒருவர் போனில் பழைய ஏலம் ஒன்றைப் போட்டுக் காட்டினார். ஒரு பெரிய சீலாவுக்கு முன்னால் அப்பா விலை ஏற்றிக்கொண்டிருக்கிறார். பக்கத்துக் கட்டில்காரரெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா கையைக் காட்டி அணைக்கச் சொன்னார்.

நவம்பர் 5, புதன்

நாளை காலை ஆபரேஷன். அம்மா கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தாள். மத்தியான வெயில் கட்டில் வரைக்கும் வந்திருந்தது. அப்பா என் போனைக் கேட்டார்.

“நான் ஒரு தரம் கேக்கேன்.”

மைக்கை அழுத்திக் கொடுத்தேன். வாய்க்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினார். காற்றுதான் வந்தது. புரியவில்லை, மீண்டும் சொல்லுங்கள் என்று திரையில் வந்தது. மறுபடி பேசினார். மறுபடி அதேதான். மூன்றாவது தரம் பேசிவிட்டு, திரையைப் பார்த்துவிட்டு, போனை என்னிடம் தந்தார்.

“மூணு தரம் ஆச்சு. நீ எழுது. நான் சொல்லுறத மட்டும் எழுது. ஒண்ணும் விடாத.”

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். வயசு ஐம்பத்தாறு. பதினஞ்சு வயசிலேர்ந்து பீடி. ஈஸ்டருக்கு முன்னாடியே தொண்டை கட்டிட்டு. டாக்டர் குழாய் விட்டுப் பாத்துட்டு சதை எடுக்கணும்னு சொன்னாரு. போகலாமா, கொஞ்ச நாள் பொறுக்கலாமா? ஜூலையில் கேட்டிருக்க வேண்டியதை அவர் ஜூலை மாதிரியே கேட்டார். கழுத்துக் கட்டியைப் பற்றிச் சொல்லவில்லை. நாளைக்கு ஆபரேஷன் என்பதையும் சொல்லவில்லை. நான் அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட விடவில்லை.

பதில் வந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் வைத்து வாசித்தார். தள்ளிப்போடாதீர்கள் என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது.

“இப்பத்தான் இப்படிச் சொல்லுதா?”

“இல்லப்பா. அன்னைக்கே, மொதத் தரம் கேட்டப்பவே இதத்தான் சொல்லுச்சு. நான்தான் மாத்தி மாத்திக் கேட்டேன்.”

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிப் போர்வையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“மொத விலைக்கு விடாதன்னு நான்தானே சொன்னேன்” என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வார்டில் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் அழுதேன். அப்பா என் தலையைத் தட்டிக்கொண்டிருந்தார். மாடிப்படியில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் தன் துண்டாலேயே என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

அம்மா கஞ்சித் தூக்கைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். கட்டிலில் போன் கிடந்தது, திரை இன்னும் அணையவில்லை.

“அப்பனும் மவளும் திரும்ப அதுட்ட என்னத்தக் கேக்குதிய? என்ன சொல்லுது?”

அப்பா போனை எடுத்து அணைத்தார். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டார்.

“நல்லாத்தான் சொல்லுது” என்றார்.

நவம்பர் 7, வெள்ளி

ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று நேற்று சாயங்காலமே சொல்லிவிட்டார்கள். இன்று பார்க்க விட்டார்கள். கழுத்தில் குழாய் இருக்கிறது. கையை அசைத்தார், மூன்று விரலைக் காட்டிச் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு எங்களுக்குப் புதிதில்லை.

நாட்குறிப்பை ஒப்படைக்கத் திங்கட்கிழமை கடைசி நாளாம், பேச்சியம்மாள் வந்து வாங்கிக்கொண்டு போகிறாள். எதையும் அடிக்கவில்லை, எந்தப் பக்கத்தையும் கிழிக்கவில்லை. அப்பாவின் குரலில் நான் கடைசியாகக் கேட்டது ‘நல்லாத்தான் சொல்லுது’ என்ற அந்த இரண்டு வார்த்தைதான். அது ஜூலையில் நான் சொன்ன பதில்.